ஊர் கூடிய தெரு – 9: பீப்பாய் மேளம் தெருவில் இறங்கிய நாள்

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த விழாக்களுக்கெல்லாம் மங்கலமான ஒரு தொடக்கம் இருந்தது. சாமி புறப்பாடு, அறுவடை, ஊர் உருவான நாள் என்று ஏதோ ஒன்று. மேற்கு லண்டனில் நாட்டிங் ஹில் பகுதியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமையும் அதற்கு முந்தைய ஞாயிறும் நடக்கும் கார்னிவலின் கதை ஒரு கலவரத்தில் ஆரம்பிக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய தெருவிழாவாக இன்று அது வளர்ந்திருக்கிறது. கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. இதே தெருக்களில் இருட்டிய பிறகு ஒரு கறுப்பர் தனியாக நடந்து வீடு போய்ச் சேர்வதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1958 ஆகஸ்ட் 29. லாட்டிமர் ரோடு ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். கணவர் ரேமண்ட் மாரிசன், ஜமைக்காக்காரர். மனைவி மாஜ்பிரிட், ஸ்வீடன் நாட்டவர், வெள்ளைக்காரப் பெண். அவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஆனாலும் ஒரு வெள்ளையர் கும்பல் இடையில் புகுந்தது. கணவரின் நண்பர்கள் ஓடிவந்தார்கள், கைகலப்பானது. மறுநாள் இரவு அதே கும்பலைச் சேர்ந்தவர்கள் மாஜ்பிரிட்டைத் தெருவில் அடையாளம் கண்டு, வசைபாடிக்கொண்டே கல்லாலும் பாட்டிலாலும் தாக்கினார்கள். அன்றிரவே நூற்றுக்கணக்கான வெள்ளை இளைஞர்கள் பிராம்லி ரோட்டில் மேற்கிந்தியர்கள் குடியிருந்த வீடுகளைத் தேடித் தேடி அடித்தார்கள். இரும்புக் கம்பி, சைக்கிள் செயின், பெட்ரோல் குண்டு. ஏறக்குறைய ஒரு வாரம் இது நீடித்தது.

கரீபியன் தீவுகளிலிருந்து இந்த மேற்கிந்தியர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்லர். போரில் நொடிந்த பிரிட்டனுக்கு ஆள் தேவைப்பட்டது. 1948 ஜூன் 22இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பல் டில்பரி துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான கரீபியன் பயணிகளை இறக்கியது. பிறகு பேருந்து ஓட்டவும் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்க்கவும் ஆட்கள் தொடர்ந்து வந்தார்கள். லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 1956 முதல் பார்படோஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தது. வேலை கொடுத்த நகரம் வீடு கொடுக்கவில்லை. வாடகைக்கு அறை என்று எழுதிய அட்டையிலேயே கறுப்பர் வேண்டாம் என்றும் எழுதி ஜன்னலில் மாட்டினார்கள். இடம் கிடைத்தது, நாட்டிங் ஹில்லின் வடக்கே இடிந்து விழும் நிலையிலிருந்த பழைய மாளிகைகளில்தான். அவற்றைப் பீட்டர் ராக்மன் போன்ற வீட்டுக்காரர்கள் அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று அடைத்து, கொள்ளை வாடகை வாங்கினார்கள். ராக்மனின் பெயரே பிற்பாடு ஆங்கிலத்தில் வீட்டுக்காரர் அராஜகத்துக்கு இன்னொரு பெயராக நிலைத்துவிட்டது. அதே தெருக்களில் அதே வறுமையில் வெள்ளைக்காரத் தொழிலாளிகளும் வாழ்ந்தார்கள். வீட்டுக்காரர் மீது வரவேண்டிய கோபத்தைப் பக்கத்து அறைக்காரன் மீது திருப்பிவிட ஆட்கள் இருந்தார்கள். பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் இந்தப் பகுதி அடங்கிய வட கென்சிங்டன் தொகுதியில் நின்றார். டெபாசிட் போனது. பேட்டையைப் பற்றி நல்லதாகச் சொல்ல அந்த ஆண்டில் அது ஒன்றாவது இருந்தது.

கலவரம் ஓய்ந்தபோது 108 பேர் மீது வழக்கு. அவர்களில் 72 பேர் வெள்ளையர், 36 பேர் கறுப்பர். ஒன்பது வெள்ளை இளைஞர்களுக்கு நீதிபதி சால்மன் தலா நான்காண்டு சிறை விதித்தார். கறுப்பர்கள் பலர் மீதான குற்றம், ஆயுதம் வைத்திருந்தது. வீட்டுக் கதவை உடைக்க வருகிறவனுக்காகக் கையில் கம்பி எடுத்ததும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. அபராதம் கட்டப் பணம் வேண்டும்.

இந்த இடத்தில் கிளாடியா ஜோன்ஸ் வருகிறார்.

கிளாடியா 1915இல் திரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர். எட்டு வயதில் நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிபோனார். ஏழ்மை, காசநோய், கம்யூனிஸ்ட் கட்சி, பத்திரிகை வேலை. அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய ஆண்டுகளில் சிறைக்குப் போனார். 1955 டிசம்பரில் நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்து சேர்ந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. 1958 மார்ச்சில், தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் ஒரு இசைத்தட்டுக் கடையின் மாடியிலிருந்து ‘வெஸ்ட் இண்டியன் கெசட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஆறு மாதத்துக்குள் கலவரம். பத்திரிகை அலுவலகத்தில் கூடியவர்கள் அடுத்து என்ன என்று யோசித்தபோது, இந்தக் கசப்பை வாயிலிருந்து கழுவ வேண்டும், நம் ஊரில் நடக்கிறதே கார்னிவல், அதை இங்கே நடத்துவோம் என்ற யோசனை பிறந்தது.

1959 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபம். திரினிடாடில் கார்னிவல் தவக்காலத்துக்கு முந்தைய நாட்களில், பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். அந்தக் கணக்கை ஒட்டியே இந்தத் தேதி. ஆனால் லண்டன் ஜனவரியில் தெருவில் ஆட முடியாது, குளிர் எலும்பைத் துளைக்கும். ஆகவே நான்கு சுவருக்குள், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கார்னிவல். திரினிடாடிலிருந்து வந்த பாடகர் எட்ரிக் கானர் நிகழ்ச்சியை இயக்கினார். மைட்டி டெரர் திரினிடாடின் காலிப்ஸோ பாட்டுப் பாடினார். கிளியோ லைன் பாடினார். ஸ்டீல் பேன் என்ற பீப்பாய் மேளம் ஒலித்தது. கார்னிவல் ராணிக்கு ஒரு போட்டி. அந்த நாளில் பிரிட்டனின் அழகிப் போட்டி மேடைகளில் கறுப்புப் பெண்ணுக்கு இடம் கிடைப்பது அரிது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் போட்டியை வெறும் கேளிக்கை என்று தள்ளத் தோன்றாது. பிபிசி இதைத் தொலைக்காட்சியில் காட்டியது.

அன்று விற்ற நினைவு மலரைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மலர் விற்ற காசில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் நிகழ்வுகளில் தண்டனை பெற்ற இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட உதவும் என்று அதில் அச்சிட்டிருந்தது. கறுப்பு இளைஞர்களும் வெள்ளை இளைஞர்களும் அந்தக் குறிப்பில் சேர்ந்தே இடம்பெற்றிருந்தார்கள். அடித்தவன் வீட்டுப் பிள்ளையையும் உள்ளே சேர்த்த அந்த ஒரு வரிக்காகவே கிளாடியாவை வணங்கலாம். ஒரு மக்களின் கலையிலிருந்துதான் அவர்களது விடுதலை பிறக்கிறது என்ற பொருளில் அவர் அந்த மலருக்குக் கட்டுரையும் எழுதினார்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1959 மே 17 அதிகாலை. ஆன்டிகுவாவிலிருந்து வந்த 32 வயதுத் தச்சர் கெல்சோ காக்ரேன், வேலையில் கட்டை விரலில் பட்ட காயத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். சவுத்தம் தெரு முனையில் வெள்ளை இளைஞர்கள் சிலர் சூழ்ந்தார்கள். ஒருவன் குத்தினான். கெல்சோ பணம் சேர்த்துச் சட்டம் படிக்க ஆசைப்பட்டவர், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இது இனவெறிக் கொலை அல்ல, பணம் பறிக்க நடந்தது என்று போலீஸ் சொன்னது. இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. ஜூன் 6 அன்று கென்சல் கிரீன் இடுகாட்டுக்கு அவரை எடுத்துச் சென்றபோது 1,200 பேருக்கு மேல் பின்னால் நடந்தார்கள். கறுப்பர், வெள்ளையர் இருவருமே. நாட்டிங் ஹில்லில் கரீபியன் மக்கள் திரளாகத் தெருவில் நடந்த முதல் பெரிய ஊர்வலம் ஒரு சவ ஊர்வலம்.

கிளாடியாவின் உள்ளரங்கக் கார்னிவல் ஆண்டுதோறும் வெவ்வேறு மண்டபங்களில் நடந்தது. 1964 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி, அவர் இறந்தார். 49 வயது. ஹைகேட் இடுகாட்டில் கார்ல் மார்க்ஸின் கல்லறைக்கு இடப்பக்கம் புதைத்தார்கள். பத்திரிகையும் விழாவும் அவருக்குப் பின் நீடிக்கவில்லை.

கதை தெருவுக்கு வருவதற்கு முன்னால், அந்த மண்டபத்தில் ஒலித்த ஸ்டீல் பேன் மேளத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திரினிடாடின் கறுப்பு மக்கள், அடிமைமுறை ஒழிந்த பிறகு, கார்னிவலின்போது தீப்பந்தமும் மேளமுமாகத் தெருவில் இறங்குவது வழக்கம். 1881இல் போலீஸ் அதைத் தடுக்கப் பார்த்தது, பெரும் மோதல் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மேளத்துக்கே தடை வந்தது. அதே அரசு 1884இல் இன்னொரு தடையையும் போட்டது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த இந்தியக் கூலிகள் முகரத்தை ஒட்டி எடுக்கும் ஹோசே ஊர்வலம் நகரத்துக்குள் வரக்கூடாது என்பது அது. இந்துக்களும் சேர்ந்தே எடுத்த ஊர்வலம் அது. மீறி வந்தவர்கள் மீது அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோ நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டார்கள். 1845 முதல் அந்தத் தீவுக்குப் போன இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய நம்மவர்களும் அவர்களுக்குள் உண்டு. தோலை அடித்துத் தெருவில் போக உரிமையில்லை என்று ஆப்பிரிக்க வம்சாவளிக்கும் இந்தியருக்கும் ஒரே காலத்தில் சொன்ன தீவு அது.

தோல் மேளம் போனதும் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி, மோட்டார் வண்டியின் பிரேக் டிரம். தகரத்தில் ஒரே இடத்தில் அடிக்க அடிக்க அது குழிந்து, குழிக்கு ஒரு சுரம் பேசுவதைப் பேட்டைப் பையன்கள் கண்டுகொண்டார்கள். எண்ணெய் வளமுள்ள தீவு, போர்க் காலத்தில் அமெரிக்கப் படைத்தளம் வேறு. காலி எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. பீப்பாயின் அடித்தட்டைப் பெரிய சுத்தியலால் கிண்ணம்போல உள்வாங்க அடிப்பார்கள். சுரத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, கட்டத்தின் ஓரத்தை உளியால் கொத்திக் கோடிழுப்பார்கள். பக்கவாட்டை வேண்டிய உயரத்துக்கு வெட்டி, நெருப்பில் காய்ச்சி, ஆறியதும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒவ்வொரு கட்டத்தையும் சுருதிக்குக் கொண்டுவருவார்கள். முனையில் ரப்பர் சுற்றிய இரண்டு குச்சிகள் போதும். அப்படிப் பிறந்ததுதான் ஸ்டீல் பேன். வாரைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் நடந்துகொண்டே வாசிக்கலாம், நாட்டிங் ஹில் கதைக்கு இதுதான் முக்கியம்.

1951இல் பிரிட்டன் நடத்திய தேசியக் கண்காட்சிக்குத் திரினிடாடிலிருந்து ஒரு ஸ்டீல் பேன் குழு வந்தது. அதில் ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் என்ற இளைஞர் ஊர் திரும்பாமல் லண்டனிலேயே தங்கிவிட்டார். அதே ஆண்டு பியானோ சுருதி சேர்க்கும் தொழில் கற்க வந்த ரஸ்ஸல் ஹெண்டர்சனோடு சேர்ந்து அவர் வாசிக்க ஆரம்பித்தார். ஏர்ல்ஸ் கோர்ட் பகுதியில் கோல்ஹர்ன் என்ற மதுக்கடையில் இவர்கள் ஞாயிறுதோறும் வாசிப்பதைக் கேட்க ஒரு கூட்டம் சேர்ந்தது.

நாட்டிங் ஹில்லில் அப்போது ரோன் லாஸ்லெட் என்ற பெண்மணி இருந்தார். கிளாடியாவின் வழியில் வந்தவர் அல்லர். அமெரிக்கப் பூர்வகுடித் தாய்க்கும் ரஷ்யத் தந்தைக்கும் கிழக்கு லண்டனில் பிறந்தவர். டாவிஸ்டாக் கிரசென்ட்டில் தன் வீட்டிலேயே குழந்தைகளுக்கு விளையாட்டு மையம் நடத்தினார். வீட்டுக்காரரோடு தகராறா, போலீஸ் தொல்லையா, எந்நேரமும் அவர் கதவைத் தட்டலாம். 1966 மே மாதம், ஹென்றி கூப்பரோடு குத்துச்சண்டை போட லண்டன் வந்த முகமது அலி, அந்த வீட்டுக்கே வந்து குழந்தைகளைப் பார்த்தார். அந்த ஆண்டு பேட்டை இளைஞர்களும் அறிவுஜீவிகளும் சேர்ந்து லண்டன் ஃப்ரீ ஸ்கூல் என்ற மக்கள் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பணம் திரட்ட அன்று பெயர் தெரியாத பிங்க் ஃபிளாய்ட் குழு ஆல் செயின்ட்ஸ் தேவாலயக் கூடத்தில் வாசித்தது. ரோன் அவர்களோடும் சேர்ந்து வேலை செய்தார்.

அவருக்கு ஒரு ஆசை. தெருவில் அயர்லாந்துக்காரர், உக்ரைன்காரர், ஸ்பானியர், போர்த்துகீசியர், ஆப்பிரிக்கர், கரீபியர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒருவர் பாட்டு இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரும் அவரவர் இசையோடு ஒரே நாளில் வெளியே வந்தால்? பணம் கிடையாது. நகராட்சி தருவதாகச் சொன்ன தொகையையும் கடைசி நேரத்தில் நிறுத்திக்கொண்டது. ஆடைகளை மேடம் துசாட்ஸ் மெழுகுச் சிலைக் கூடத்திலிருந்து இரவல் வாங்கினார்கள். பேட்டைச் சிகையலங்காரக்காரர் காசு வாங்காமல் தலைவாரிவிட்டார். தீயணைப்புப் படையும் ஒரு அலங்கார வண்டி கொடுத்தது. 1966 செப்டம்பர் 18 முதல் ஒரு வாரம் விழா. அயர்லாந்துப் பெண்களின் பைப் வாத்தியக் குழு, ஜிஞ்சர் ஜான்சனின் ஆப்பிரிக்க–கியூப மேளம். போலீஸ் கணக்கில் சுமார் 1,000 பேர்.

ரஸ்ஸல் ஹெண்டர்சன் குழுவைக் கூப்பிட்டது குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டத்தான். ஒரே இடத்தில் நின்று வாசித்தார்கள். கூட்டம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. ஹெண்டர்சனுக்கு ஊர்ப் பழக்கம். கார்னிவல் என்றால் நிற்கிற இசை இல்லை, போகிற இசை. பீப்பாய்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நான்கு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். வகுத்து வைத்த பாதை எதுவும் கிடையாது. தெருவின் ஒரு கோடியில் தொடங்கிய சத்தம் மறு கோடிக்குப் போவதற்குள் ஜன்னல்கள் திறந்தன. குழந்தைகள் பின்னால் ஓடிவந்தார்கள், குழந்தைகளின் தாய்மார்கள் வந்தார்கள். தங்கள் ஊர் மேளத்தை லண்டன் தெருவில் கேட்ட கரீபியர்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். எட்டாண்டுக்கு முன் பதுங்கிப் பதுங்கி நடந்த தெருக்கள் அவை. மறு ஆண்டும் அவர்கள் நடந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டும்.

கார்னிவலைத் தொடங்கியது யார் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. கிளாடியா என்று ஒரு சாரார், ரோன் என்று ஒரு சாரார், இருவரும் இல்லை ஹெண்டர்சன்தான் என்று திரினிடாட்காரர்கள். எனக்கு இதில் ஒரு தரப்பை எடுப்பதில் விருப்பமில்லை. ஆனால் கிளாடியாவை ஒதுக்கிவிட்டு 1966இல் கதையைத் தொடங்குகிறவர்கள், கலவரத்தையும் கெல்சோவையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னால் கார்னிவல் ஒரு நல்ல பெண்மணியின் நல்லெண்ணமாக மட்டும் மிஞ்சும். ரோன் லாஸ்லெட்டே அந்தத் தெருக்களின் காயத்தைத் தெரிந்துதான் வேலை செய்தார்.

1970இல் பேட்டையின் முதுகில் ஒரு சாலை ஏறியது. வெஸ்ட்வே என்ற மேம்பாலச் சாலை, நான்கு கிலோமீட்டர் நீளம், ஜூலையில் திறந்தார்கள். அதற்காக வீடுகள் வரிசை வரிசையாக இடிந்தன. இடியாமல் மிஞ்சிய ஆக்லம் ரோடு வீடுகளின் படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டு கார்கள் பறந்தன. இந்த நரகத்திலிருந்து எங்களை வெளியேற்றுங்கள் என்று அங்கிருந்தவர்கள் பெரிய பதாகை கட்டினார்கள், திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர் கண்ணில் படும்படி. பாலத்தடியில் மிஞ்சிய இருட்டு நிலத்தைக் கார் நிறுத்தமாக்க விடாமல் பேட்டைக்காரர்கள் போராடி வாங்கினார்கள். விளையாட்டிடம், சந்தை, கூடம் என்று அது மாறியது. கார்னிவலுக்கு மழைக்கு ஒதுங்கக் கூரையுள்ள ஒரு மைதானம் கிடைத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ரோன் விலகிக்கொண்டார், விழா படுத்துவிடும் நிலை. 1973இல் பத்திரிகை விளம்பரம் பார்த்துக் கூட்டத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களில் ஒருவர் திரினிடாடில் பிறந்த ஆசிரியர் லெஸ்லி பால்மர். மூன்று ஆண்டு அவர் கையில் இருந்தது, இன்று நாம் காணும் கார்னிவல் அந்த மூன்று ஆண்டுகளில் உருவானது. ஒவ்வொரு தீவுக்காரரையும் தனித்தனி வேடக் குழு இறக்கச் சொன்னார். கடைக்காரர்களிடம் பணம் திரட்டினார். அவர் செய்த பெரிய காரியம், ஜமைக்கா இளைஞர்களின் சவுண்ட் சிஸ்டங்களை உள்ளே விட்டது. ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை வீட்டு வாசலில் அடுக்கி, ரெகே இசைத்தட்டு போட்டு, தெருவே அதிர நிற்பார்கள். நடக்கிற கார்னிவலில் இது என்ன நிற்கிற இரைச்சல் என்று பழைய திரினிடாட்காரர்கள் முகம் சுளித்தார்கள். பால்மர் செய்தது சரி என்பேன். லண்டனிலேயே பிறந்த கறுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்டீல் பேன் தாத்தா காலத்து ஓசை. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு யாருக்காக விழா நடத்துவது? 1975இல் கூட்டம் லட்சங்களில் போனது.

கூட்டம் பெருகியதும் நகராட்சிக்கும் போலீசுக்கும் கவலை. இரைச்சல் என்று புகார் மனுக்கள். அந்த நாளில் போலீஸ் கையில் 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டம் இருந்தது. சந்தேகத்துக்கிடமாகத் தெருவில் திரிந்தான் என்று சொல்லி யாரையும் பிடிக்கலாம். பிடிபட்டவர்களில் கறுப்பு இளைஞர்கள் மிக அதிகம். ஒன்றும் செய்யாமல் தெருவில் நிற்பதே குற்றமாகிவிட்ட பையன்களுக்கு, ஆண்டில் இரண்டு நாள் அந்தத் தெரு சொந்தம்.

1976 ஆகஸ்ட் 30. வறட்சியில் நாடே காய்ந்து கிடந்த கோடை. முந்தைய ஆண்டுகளில் சில நூறு போலீசார் வந்த இடத்துக்கு ஏறக்குறைய 3,000 பேரை இறக்கியிருந்தார்கள். மாலையில், பிக்பாக்கெட் என்று ஒரு பையனைப் பிடிக்கப் போனதில் தொடங்கியது. கல், பாட்டில், பாலத்தடியிலிருந்து செங்கல். போலீசாரிடம் கேடயம் கிடையாது. வீட்டு வாசல்களிலிருந்த குப்பைத் தொட்டி மூடியையும் பால் பாட்டில் கூடையையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னேறும் படங்கள் மறுநாள் பத்திரிகைகளில் வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட போலீசார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொதுமக்களிலும் காயம்பட்டவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு முதல் லண்டன் போலீஸ் கலவரக் கேடயத்தோடு வெளியே வந்தது.

விழாவைத் தடை செய் என்ற குரல் உடனே எழுந்தது. தடை வேண்டாம், ஏதாவது ஸ்டேடியத்துக்கு மாற்றுங்கள் என்றார்கள் மிதவாதிகள். வேலி, டிக்கெட், நாற்காலி. கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். நடத்துகிறவர்கள் மறுத்துவிட்டார்கள். மண்டபத்துக்குள் கார்னிவல் நடத்திய காலம் அவர்களுக்குத் தெரியும். 1977 ஆகஸ்டில் ஊர்வலம் அதே போர்ட்டபெல்லோ ரோடு, அதே ஆக்லம் ரோடு வழியாகத்தான் போனது.

இந்த ஆண்டுகளுக்கு நடுவே ஆல் செயின்ட்ஸ் ரோடு 8ஆம் எண்ணில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, கார்னிவலின் அறிவிக்கப்படாத தலைமையகமாக இருந்தது. பெயர் மாங்குரோவ். ஒன்றரை ஆண்டுக்குள் போலீஸ் அதைப் பன்னிரண்டு முறை சோதனை போட்டது. கடைக்காரர் ஃபிராங்க் கிரிச்லோவும் எட்டுப் பேரும் லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றத்தில் 55 நாள் நின்று வாதாடிய வழக்கை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)